குழந்தை பால் கக்கினால்: எதைப் பார்ப்பது, எதை மாற்றுவது, எப்போது ஓடுவது

என் மூத்த குழந்தை ஆறேழு மாதம் வரை குடித்த பாலில் ஒரு பங்கைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருந்தது. என் தோளில் எந்நேரமும் ஒரு துணி கிடக்கும். அது நனையாத நாளே கிடையாது. இரண்டாவது குழந்தையும் கக்கியதுதான், ஆனால் அதற்குள் எனக்குக் கொஞ்சம் விவரம் வந்திருந்தது. அப்புறம் தங்கை, தோழிகள் என்று பலர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று புரிந்தது. எல்லோரும் நனைந்த துணியைப் பார்த்துப் பயப்படுகிறார்கள், குழந்தையைப் பார்ப்பதில்லை. அதனால் பயப்படத் தேவையில்லாத இடத்தில் தூக்கம் கெடுகிறது, பயப்பட வேண்டிய இடம் கண்ணில் படாமல் போகிறது.

கீழே உள்ளவை ஆறு மாதத்துக்கு உட்பட்ட, தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தைக்கானவை. குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும், வேறு நோய்க்காக ஏற்கெனவே மருத்துவம் பார்க்கும் குழந்தைக்கும் மருத்துவர் சொன்னதே முதலில். வரிசையை மாற்றாமல் படியுங்கள். முதல் படியில் ஏதாவது பொருந்தினால் மிச்சத்தைப் படிக்க வேண்டாம்.

1. முதல் படி: உடனே கிளம்ப வேண்டியவை

வெளியே வந்தது பச்சையாக இருந்தால் அப்போதே மருத்துவமனைக்குப் போங்கள். பச்சை என்பது பித்தநீர். குடலில் அடைப்போ முறுக்கோ இருக்கும்போது அது மேலே வரலாம். முறுக்கிய குடலுக்கு ரத்தம் போகாது, சில மணி நேரத்தில் சேதமாகிவிடும். ஒரு தடவைதான் வந்தது, இப்போது சிரித்து விளையாடுகிறது என்றாலும் காத்திருக்காதீர்கள். பிறந்த முதல் சில நாளில் சீம்பாலே மஞ்சளாகத்தான் இருக்கும், அதைக் கக்கினாலும் மஞ்சளாகத் தெரியும். மஞ்சளா பச்சையா என்று குழப்பமாக இருந்தால் பச்சை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

கறைபட்ட துணியை அலசாமல் ஒரு பையில் போட்டுக் கையோடு கொண்டுபோங்கள். நாம் வாயால் சொல்லும் நிறத்தை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாகப் புரிந்துகொள்வார்கள். துணியைக் காட்டினால் பேச்சு மிச்சம்.

ரத்தம் வந்தாலும் அப்படித்தான். சிவப்பாகவும் இருக்கலாம், காப்பித்தூள் போலக் கரும்பழுப்பாகவும் இருக்கலாம். தாயின் மார்க்காம்பில் வெடிப்பு இருந்தால் அந்த ரத்தத்தையே குழந்தை விழுங்கி, இளஞ்சிவப்புக் கோடுகளாகக் கக்குவதும் உண்டு. ஆனால் அதை நீங்களே முடிவு செய்ய வேண்டாம், மருத்துவர் பார்த்துச் சொல்லட்டும்.

மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 38 டிகிரி செல்சியஸ், அதாவது 100.4 டிகிரி பாரன்ஹீட் அல்லது அதற்கு மேல் காய்ச்சல், வயிறு உப்பிக் கல் போல இருப்பது, எழுப்பினாலும் எழாமல் துவண்டு கிடப்பது, பால் குடிக்கவே மறுப்பது, அழாதபோதும் உச்சிக்குழி புடைத்திருப்பது, மலத்தில் ரத்தம், தலையில் அடிபட்ட பிறகு வாந்தி, எட்டு மணி நேரமாகச் சிறுநீரே போகாதது. இவற்றில் ஒன்று இருந்தாலும் காலை வரை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். உதடு நீலமாவது, மூச்சு நடுவில் நின்றுபோவது இரண்டுக்கும் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள்.

2. கக்கலா, வாந்தியா?

இரைப்பையின் மேல்வாயில் ஒரு தசை வளையம் இருக்கிறது. பெரியவர்களுக்கு அது இறுக மூடிக்கொள்ளும். கைக்குழந்தைக்கு அடிக்கடி தானாகத் திறந்துகொள்ளும். இரைப்பையோ சின்னது, உள்ளே போவது முழுக்கத் திரவம், குழந்தை படுத்தே கிடக்கிறது. பால் மேலே வராவிட்டால்தான் ஆச்சரியம்.

கக்கலுக்கு முயற்சி தேவையில்லை. ஏப்பத்தோடு சேர்ந்து வாயோரம் வழியும், குழந்தை பாட்டுக்கு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருக்கும். வாந்தி என்றால் வயிற்றுத் தசை இறுகும், முகம் சுருங்கும், அளவும் கூடுதலாக இருக்கும், அழுகையும் சேர்ந்துகொள்ளும். துணியைப் பார்த்து இதைக் கண்டுபிடிக்க முடியாது, முகத்தைப் பார்க்க வேண்டும்.

வெளியே வந்த பால் தயிர் போலத் திரிந்திருந்தால் பால் கெட்டுவிட்டது என்று அர்த்தமில்லை. வயிற்று அமிலம் பட்டுத் திரிந்திருக்கிறது, அவ்வளவுதான். குடித்தவுடன் வந்தால் பாலாக வரும், கொஞ்ச நேரம் கழித்து வந்தால் திரிந்து வரும். மூக்கு வழியாக வந்தாலும் பார்க்கத்தான் பயமாக இருக்கும். மூக்கும் தொண்டையும் உள்ளே ஒரே பாதை என்பதால் வருகிறது.

தனியாகக் கவனிக்க வேண்டியது பீய்ச்சி அடிக்கும் வாந்தி. இரைப்பையின் கீழ்வாய்த் தசை தடித்துப் பால் குடலுக்கு இறங்க வழியில்லாமல் போகும் ஒரு கோளாறு உண்டு. பைலோரிக் ஸ்டெனோசிஸ் என்பார்கள். பெரும்பாலும் பிறந்த இரண்டு வாரத்திலிருந்து எட்டு வாரத்துக்குள் தலைகாட்டும், ஆண் குழந்தைகளுக்கு அதிகம். பால் வழியாது, தூரப் போய் விழும். முதலில் எப்போதாவது, பிறகு ஏறக்குறைய ஒவ்வொரு தடவை குடித்த பிறகும் வரும். கக்கி முடித்த கையோடு குழந்தை பசியோடு மறுபடி மார்பைத் தேடும். பசி நன்றாக இருக்கிறதே என்று தோழி ஒருத்தி நாலு நாள் சும்மா இருந்துவிட்டாள். அந்தப் பசிதான் அடையாளம் என்று பிறகுதான் தெரிந்தது. சின்ன அறுவை சிகிச்சையில் குணமாகும், ஆனால் தள்ளிப்போட்டால் உடலில் நீர் வற்றிவிடும். எப்போதோ ஒருமுறை வேகமாக வந்தால் இது என்று முடிவு கட்ட வேண்டாம். ஒரே நாளில் இரண்டு மூன்று முறை பீய்ச்சினால் அன்றைக்கே காட்டுங்கள்.

3. எவ்வளவு வந்தது என்பதை ஒரு கரண்டி தண்ணீரால் சோதியுங்கள்

குடித்தது அத்தனையும் வெளியே வந்துவிட்டது என்று சொல்லாத தாயை நான் பார்த்ததில்லை. நானும் சொல்லியிருக்கிறேன். ஒரு நாள் ராத்திரி மூன்று மணிக்கு விரிப்பை மாற்றிவிட்டு, சந்தேகம் தீராமல், 15 மில்லி பிடிக்கும் மருந்துக் கரண்டியில் தண்ணீர் எடுத்து ஒரு காய்ந்த துணியில் கொட்டிப் பார்த்தேன். என் உள்ளங்கையைவிடப் பெரிதாகப் பரவியது. விரிப்பில் இருந்த கறையும் கிட்டத்தட்ட அதே அளவுதான்.

நீங்களும் ஒருமுறை செய்து பாருங்கள். ஒரு மாதக் குழந்தை ஒரு வேளைக்கு ஏறத்தாழ 80 முதல் 150 மில்லி வரை குடிக்கும். அதில் ஒரு கரண்டி போனால் குழந்தை மெலிந்துவிடாது. இந்தக் கணக்கு தெரிந்துவிட்டால் கக்கிய உடனே மறுபடி மார்பில் போடும் பழக்கம் குறையும். நிறைந்த வயிற்றில் மேலும் ஊற்றினால் அதுவும் சேர்ந்துதான் வெளியே வரும்.

4. எடை, சிறுநீர்: இரண்டு கணக்கு

கக்கினாலும் குழந்தைக்குப் போதுமான பால் தங்குகிறதா என்பதைச் சொல்வது இவை இரண்டும்தான்.

பிறந்த முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறையும், ஏறத்தாழ இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிடும். அதன் பிறகு முதல் மூன்று மாதம் நாளுக்குச் சுமார் 20 முதல் 30 கிராம் வரை ஏற வேண்டும். தினமும் நிறுக்காதீர்கள். குடித்ததும் கழிந்ததும் கணக்கைக் கலைத்துவிடும், மனசும் கெடும். வாரம் ஒருமுறை, ஒரே தராசில், உடையில்லாமல் போதும்.

ஐந்தாம் நாளுக்கு மேல் 24 மணி நேரத்தில் ஆறு தடவையாவது நன்றாக நனைத்திருக்க வேண்டும். சிறுநீர் வெளிர் நிறமாக இருக்க வேண்டும். டயப்பர் போடுகிறவர்களுக்கு ஈரம் எளிதில் தெரியாது. ஒரு நாள் மட்டும் துணி கட்டிப் பாருங்கள், எண்ணுவது சுலபம்.

எடை ஏறுகிறது, நனைக்கிறது, விழித்திருக்கும்போது தெளிவாக இருக்கிறது என்றால் உங்கள் வீட்டில் இருப்பது துவைக்கும் வேலை மட்டும்தான், நோய் இல்லை. இனி வரும் படிகள் அந்த வேலையைக் குறைக்க. எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி இரண்டு மூன்று நாள் பாருங்கள், எது உதவியது என்று அப்போதுதான் தெரியும்.

5. குடிக்க வைப்பதற்கு முன்னால்

டயப்பரை முதலிலேயே மாற்றிவிடுங்கள். குடித்து முடித்ததும் மல்லாக்கப் போட்டு இரண்டு காலையும் தூக்கினால் வயிறு அமுங்கிப் பால் மேலே வரும். பலர் வீட்டில் பாதிக் கக்கல் இதனால்தான் என்பது என் கணிப்பு. குடித்த பிறகு மாற்றியே ஆக வேண்டுமென்றால் காலைத் தூக்காமல் இடுப்பை ஒரு பக்கமாகப் புரட்டித் துடையுங்கள். இடுப்பு எலாஸ்டிக்குக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

குளியல், குப்புறப் போட்டு விளையாட்டு எல்லாமே பாலுக்கு முன்னால்தான்.

வீறிட்டு அழும் வரை காத்திருக்காதீர்கள். அழும் குழந்தை காற்றை விழுங்கும், பிறகு அவசர அவசரமாகக் குடித்து இன்னும் கொஞ்சம் விழுங்கும். கையை வாய்க்குக் கொண்டுபோவது, தலையைத் திருப்பித் தேடுவது, நாக்கைச் சப்புக்கொட்டுவது இவைதான் பசியின் முதல் அடையாளம். அழுகை கடைசியில் வருவது. அழ ஆரம்பித்துவிட்டதென்றால் முதலில் தோளில் போட்டுச் சமாதானப்படுத்தி, ஒரு ஏப்பமும் எடுத்துவிட்டு, அப்புறம் கொடுங்கள்.

6. மார்பில் பிடிப்பு

காம்பை மட்டும் கவ்வினால் உதட்டோரம் இடைவெளி விழும், அந்த வழியாகக் காற்று போகும். வாய் பெரிதாகத் திறந்து, காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் உள்ளே போயிருக்க வேண்டும். கீழுதடு வெளியே மடங்கி, தாடை மார்பைத் தொட்டிருக்க வேண்டும். காதைக் கொடுத்துக் கேளுங்கள். விழுங்கும் சத்தம் மட்டும் கேட்டால் சரி. ‘டிக் டிக்’ என்று நாக்குச் சத்தம் வந்தால் பிடிப்பு நழுவுகிறது. சுண்டுவிரலை வாயோரம் விட்டுப் பிடியைத் தளர்த்தி, எடுத்து, மறுபடி போடுங்கள். அப்படியே இழுத்தால் காம்பு புண்ணாகும்.

பால் அதிகம் சுரக்கும் தாய்மாருக்கு வேறொரு தொல்லை. பால் இறங்கும் முதல் நிமிடத்தில் பீய்ச்சும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் குழந்தை திணறும், இருமும், மார்பை விட்டு விலகி அழும். பால் பிடிக்கவில்லை என்று இதைத் தப்பாக எடுத்துக்கொள்வார்கள். அந்த முதல் வேகத்தை ஒரு துணியில் விட்டுவிட்டு, ஒழுக்கு தணிந்ததும் கொடுங்கள். அல்லது நீங்கள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்து, குழந்தையை உங்கள் மேல் கவிழ்ந்தாற்போலப் போட்டுக் கொடுங்கள். பால் மேல்நோக்கி ஏற வேண்டியிருப்பதால் வேகம் குறையும். எந்த நிலையிலும் தலை வயிற்றைவிட உயரத்தில் இருக்கட்டும், கழுத்து மடங்காமல் இருக்கட்டும்.

ஒரு மார்பை முழுதாகக் குடித்து விட்ட பிறகே அடுத்ததைக் கொடுங்கள். தானாக விட்டு, கை தளர்ந்து, முகத்தைத் திருப்பினால் போதும் என்கிறது. இன்னும் கொஞ்சம் என்று திணிக்காதீர்கள்.

7. ஏப்பம்

புதிதாகத் தாயானவர்கள் இங்கேதான் அதிகம் தடுமாறுகிறார்கள். தட்டுகிற வேகத்தில் ஏப்பம் வராது. காற்று மேலே வர உடம்பு நிமிர்ந்திருக்க வேண்டும், அதுதான் முக்கியம். தட்டுவது கூடுதல் உதவி.

தோளில் போடுவதென்றால் குழந்தையின் தாடை உங்கள் தோளுக்கு மேல் எட்டியிருக்கட்டும். ஒரு கை இடுப்புக்குக் கீழ், மறு கை முதுகில். குழந்தையின் வயிற்றைத் தோள் எலும்பில் அழுத்தாதீர்கள். தங்கை அப்படித்தான் செய்துகொண்டிருந்தாள். ஒவ்வொரு தட்டுக்கும் ஏப்பத்துக்குப் பதிலாகப் பால் வந்தது. குழந்தையைக் கொஞ்சம் மேலே ஏற்றிப் போட்டதும் அது பெருமளவு நின்றது. மடியில் உட்கார வைப்பதென்றால் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் தாடையைத் தாங்க, உள்ளங்கை மார்பைத் தாங்க, லேசாக முன்னே சாய்த்து முதுகைக் கீழிருந்து மேலாகத் தடவுங்கள். விரல் கழுத்தில் படக்கூடாது.

மார்பு மாற்றும்போது ஒருமுறை, முடித்த பிறகு ஒருமுறை போதும். மும்முரமாகக் குடிக்கும் குழந்தையைப் பிடுங்கி ஏப்பம் எடுத்தால் அழுது இன்னும் காற்றை விழுங்கும். ஐந்து நிமிடத்தில் வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள். தாய்ப்பால் குழந்தைக்கு ஒவ்வொரு முறையும் ஏப்பம் வந்தே ஆக வேண்டும் என்பதில்லை.

8. அடுத்த அரை மணி நேரம், அதற்குப் பின் தூக்கம்

குடித்த பிறகு 20 முதல் 30 நிமிடம் நிமிர்த்தித் தூக்கி வைத்திருங்கள். நாற்காலி மாதிரியான சாய்விருக்கையில் உட்கார வைப்பது இதற்கு ஈடாகாது. அதில் குழந்தை மடங்கிச் சரியும், வயிறு அமுங்கும், கக்கல் கூடும். தூக்கிக் குலுக்குவது, கால் மேல் போட்டு ஆட்டுவது எல்லாம் பிறகு.

தூங்க வைப்பது எப்போதும் மல்லாக்க, சமமான கெட்டியான படுக்கையில், தலையணை இல்லாமல். கக்கும் குழந்தையை இப்படிப் போட்டால் புரையேறிவிடும் என்று பயந்து குப்புறவோ ஒருக்களித்தோ போடுகிறார்கள். நடப்பது நேர்மாறானது. மல்லாக்கப் படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலே, உணவுக்குழாய் கீழே இருக்கும். வந்த பால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போவது கஷ்டம். குப்புறப் போட்டால் மூச்சுக்குழாய் கீழே வந்துவிடும், திடீர்க் குழந்தை மரண அபாயமும் கூடும். தலைப்பக்கம் உயர்த்திக் கட்டுவதும் வேண்டாம். குழந்தை சரிந்து, கழுத்து மடங்கி, மூச்சுக்கு இடைஞ்சலாகும்.

9. கக்கும் அந்த நொடியில்

படுத்திருந்தால் உடம்பையும் தலையையும் சேர்த்து ஒரு பக்கம் திருப்புங்கள். வாயோரத்தைத் துடையுங்கள், மூக்கை வெளியே மட்டும் துடையுங்கள். வாய்க்குள் விரல் விடாதீர்கள், உச்சந்தலையில் தட்டாதீர்கள், ஊதாதீர்கள், தலைகீழாகத் தூக்காதீர்கள். இருமுகிறது, அழுகிறது என்றால் மூச்சு போகிறது, தானாகச் சரிசெய்துகொள்ளும்.

இருமவும் முடியாமல், சத்தமும் வராமல், நிறம் மாறினால் நிலைமை வேறு. முன்கையில் குப்புறக் கிடத்தி, தாடையைத் தாங்கி, தலை தாழ்ந்திருக்க, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே உள்ளங்கையின் அடிப்பகுதியால் ஐந்து தட்டு. சரியாகவில்லையென்றால் மல்லாக்கத் திருப்பி, மார்பின் நடுவே, காம்புகளை இணைக்கும் கோட்டுக்குச் சற்றுக் கீழே, இரண்டு விரலால் ஐந்து அழுத்து. மாற்றி மாற்றிச் செய்தபடியே இன்னொருவரை ஆம்புலன்ஸுக்குப் பேசச் சொல்லுங்கள். குழந்தை துவண்டு மூச்சு நின்றுவிட்டால் நெஞ்சழுத்தத்தையும் வாய்வழி மூச்சையும் தொடங்க வேண்டும். முதலுதவிப் பயிற்சி ஒன்றில் இதைப் பொம்மையில் செய்து பழகுங்கள். படித்தது அந்த நேரத்தில் கைக்கு வராது.

10. நல்லது என்று நினைத்துச் செய்யும் தவறுகள்

தாய்ப்பாலை நிறுத்திப் புட்டிப்பாலுக்கு மாறுவது. தாய்ப்பால் வயிற்றிலிருந்து சீக்கிரம் இறங்குவது. மாற்றினால் கக்கல் குறையும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை, தாய்க்குப் பால் வற்றுவதுதான் மிச்சம்.

கிரைப் வாட்டர், தண்ணீர், தேன். ஆறு மாதம் வரை தாய்ப்பாலைத் தவிர வேறு உணவோ பானமோ தேவையில்லை. தேன் ஒரு வயது வரை கூடவே கூடாது, பாட்டுலிசம் என்ற கடுமையான நச்சு நோய் வரலாம்.

போன குழந்தைக்கு எழுதிக்கொடுத்த வாந்தி மருந்தோ வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மருந்தோ மீதி இருந்தால் அதைக் கொடுப்பது. எடை ஏறிக்கொண்டிருக்கும் குழந்தைக்குச் சும்மா கக்குவதற்கு மருந்தே தேவையில்லை.

தாய் தன் சாப்பாட்டில் ஒவ்வொன்றாக வெட்டுவது. பசும்பால் புரதம் ஒத்துக்கொள்ளாத குழந்தைகள் உண்டு. மலத்தில் சளியோ ரத்தமோ, தோலில் படை, விடாத அழுகை கூடவே இருக்கும். அப்படிச் சந்தேகம் வந்தால் மருத்துவர் சொல்லி, சில வாரம் பால் பொருள்களை விட்டுப் பார்த்து, மறுபடி சேர்த்துப் பார்ப்பார்கள். நாமாகவே எல்லாவற்றையும் நிறுத்திப் பட்டினி கிடக்கக் கூடாது.

வீட்டில் புகை பிடிப்பது. இதற்கு விளக்கம் வேண்டாம்.

11. அவசரமில்லை, ஆனால் காட்ட வேண்டும்

எடை ஏறவில்லை அல்லது ஏற்றம் குறைந்துகொண்டே போகிறது; ஒவ்வொரு முறை குடிக்கும்போதும் முதுகை வில்லாக வளைத்து அழுகிறது; மார்பைக் கண்டாலே தலையைத் திருப்புகிறது; விடாமல் இருமல், கரகரப்பு, திரும்பத் திரும்பச் சளிக்காய்ச்சல். இவற்றில் ஏதாவது இருந்தால் அந்த வாரத்துக்குள் காட்டுங்கள்.

போவதற்கு முன் மூன்று நாள் ஒரு தாளில் எழுதுங்கள். குடித்த நேரம், கக்கிய நேரம், எத்தனை கரண்டி இருக்கும், நிறம், வழிந்ததா பீய்ச்சியதா, எத்தனை தடவை நனைத்தது. முடிந்தால் போனில் ஒரு வீடியோ. மருத்துவர் முன்னால் குழந்தை சமர்த்தாக உட்கார்ந்திருக்கும், அதை நம்ப முடியாது. “நிறையக் கக்குது டாக்டர்” என்பதற்கும், “காலையிலிருந்து ஆறு தடவை, இரண்டு தடவை ஒரு முழம் தள்ளி விழுந்தது” என்பதற்கும் கிடைக்கும் பதில் வேறு வேறு.

கக்கல் வழக்கமாக முதல் சில வாரத்தில் தொடங்கி, நாலாவது மாதத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், குழந்தை உட்காரப் பழகியதும் குறையும். பெரும்பாலான குழந்தைகளுக்கு ஒரு வயதுக்குள் நின்றுவிடும். அதுவரை கக்கவே கக்காத குழந்தைக்கு ஆறு மாதத்துக்கு மேல் புதிதாகத் தொடங்கினாலோ, ஒரு வயதைத் தாண்டியும் தொடர்ந்தாலோ அதைப் பழைய கணக்கில் சேர்க்காதீர்கள். மறுபடி முதல் படியிலிருந்து பாருங்கள், எதுவும் பொருந்தாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.